வாய் நோய்களில் அழற்சிவழிச் செல் இறப்பு: ஆய்வின் வரலாறு

உடலுக்குள் கிருமி நுழைந்ததை உணரும் செல், சில வேளைகளில் தன் மேலுறையில் தானே துளைகளை இட்டு, நீர் புகுந்து உப்பி, வெடித்து இறந்துவிடுகிறது. இறக்கும்போது தன்னுள் இருந்த அழற்சிப் பொருள்களை வெளியே கொட்டி, அக்கம்பக்கத்துச் செல்களையும் வெள்ளணுக்களையும் எச்சரிக்கிறது. இவ்வகை இறப்பு அழற்சிவழிச் செல் இறப்பு அல்லது பைரோப்டோசிஸ் எனப்படும். இப்பெயர் 2001-ஆம் ஆண்டில்தான் சூட்டப்பட்டது. ஈறு நோய், பற்கூழ் அழற்சி போன்ற வாய் நோய்களில் இதற்குப் பங்குண்டு என்பது அதன்பின் நடந்த ஆய்வுகளால் தெரியவந்தது. ஆயினும், பற்கள் ஏன் ஆடி விழுகின்றன என்ற கேள்வி முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் பழையது. அக்கேள்விக்குக் காலந்தோறும் சொல்லப்பட்ட விடைகளின் வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் இப்புதிய கண்டுபிடிப்பின் பொருள் விளங்கும்.

நோயின் தன்மை

பல் தாடை எலும்பில் நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நார்கள் உள்ளன. மேலே ஈறு அதனைச் சூழ்ந்து மூடியுள்ளது. பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் கிருமிகள் படிந்து பற்படலமாகின்றன. அது கெட்டிப்பட்டால் பற்காரை ஆகும். இதனால் ஈறு சிவந்து வீங்கித் தொட்டால் இரத்தம் கசியும் நிலை ஈறழற்சி எனப்படும். இந்நிலையில் பல்லைத் தாங்கும் எலும்புக்குக் கேடில்லை. சுத்தம் செய்தால் ஈறு பழைய நிலைக்குத் திரும்பும்.

அழற்சி ஆழமாகி நார்களும் எலும்பும் கரையத் தொடங்கினால் அது பல்சூழ் நோய் ஆகும். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வளராது. உலகில் 100 கோடிக்கும் மேற்பட்டோர் இந்நோயின் கடுமையான வடிவத்தால் அவதியுறுவதாக உலக சுகாதார அமைப்பு 2022-ல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிடுகிறது. பெரும்பாலும் வலியின்றியே வளர்வதால், பல் ஆடத் தொடங்கிய பிறகே பலர் மருத்துவரிடம் செல்கின்றனர்.

அழுக்கும் கிருமியும்

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் ஆன்டனி வான் லீவன்ஹூக் 1683-ல் லண்டன் ராயல் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தினமும் உப்பால் பல் துலக்கும் வழக்கம் உடையவராக இருந்தும், தம் பல்லிடுக்கில் மாவுபோன்ற வெண்பொருள் இருப்பதைக் கண்ட அவர், அதை நீரில் கலந்து தாமே தேய்த்த கண்ணாடி வில்லையின் கீழ் வைத்துப் பார்த்தார். அதில் சிற்றுயிர்கள் துள்ளி ஓடின. வாழ்நாளில் பல் துலக்கியிராத முதியவர் ஒருவரின் பல்லழுக்கில் அவை மேலும் மிகுதியாக இருந்தன. தம் நாட்டு மக்கள்தொகையைவிடத் தம் வாயில் வாழும் உயிர்கள் அதிகம் என்று அவர் வியந்தார். ஆனால் அவற்றை நோயோடு தொடர்புபடுத்தும் எண்ணம் அக்காலத்தில் எழவில்லை.

1728-ல் பிரெஞ்சு மருத்துவர் பியர் ஃபோஷார் பல் மருத்துவத்துக்கென விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார். பற்புழுவே பல் நோய்க்குக் காரணம் என்ற பழைய நம்பிக்கையை அவர் ஏற்கவில்லை. பற்காரையைச் சுரண்டி எடுப்பதை வற்புறுத்தினார். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரப் பல் மருத்துவர் ஜான் ரிக்ஸ், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஈறுக்கடியில் உள்ள காரையை நுணுக்கமாகச் சுரண்டி எடுத்து ஆடும் பற்களைக் காப்பாற்றினார். அக்காலத்தில் பல்சூழ் நோய்க்கு ‘ரிக்ஸ் நோய்’ என்றே பெயர் வழங்கியது. அவர் பார்வையில் பகைவன் அழுக்குதான்.

கிருமிக் கொள்கை பரவிய பின் பார்வை மாறியது. ஜெர்மனியில் ராபர்ட் காக்கின் ஆய்வுமுறைகளைக் கற்ற அமெரிக்கர் வில்லோபி மில்லர், 1890-ல் வாய்க் கிருமிகளைப் பற்றிய நூலை வெளியிட்டார். சொத்தைப்பல்லுக்குக் காரணம், கிருமிகள் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் புளிக்கவைத்து உண்டாக்கும் அமிலம் என்று அவர் தந்த விளக்கம் இன்றும் நிற்கிறது. ஈறு நோய்க்கு அத்தகைய தெளிவான விளக்கம் அப்போது கிடைக்கவில்லை.

பல் பிடுங்கிய காலம்

அரைகுறையாக அறிந்த உண்மை எவ்வளவு இழப்பைத் தரும் என்பதற்கு அடுத்த கட்டம் ஒரு சான்று. வாய்க் கிருமிகள் உடலின் பிற பகுதிகளுக்கும் நோயைப் பரப்பக்கூடும் என்று மில்லர் 1891-ல் எழுதினார். அதற்காகப் பற்களைப் பிடுங்கும்படி அவர் சொல்லவில்லை. ஆனால் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர், 1900-ல் எழுதிய கட்டுரையிலும் 1910-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையிலும், இரத்தசோகை, மூட்டுவலி, வயிற்றுநோய் எனப் பலவற்றுக்கும் வாயின் சீழே மூலம் என்று வலியுறுத்தினார். இக்கருத்து அமெரிக்காவில் வேகமாகப் பரவியது. காரணம் தெரியாத நோய் எதுவாயினும் பற்களை எடுத்துவிடுவது சிகிச்சையாயிற்று. காப்பாற்றக்கூடிய பற்களும் நல்ல பற்களும் பிடுங்கப்பட்டன.

பல் போனதே தவிர நோய் போகவில்லை என்பது மெல்ல வெளிப்பட்டது. முன்பு இக்கொள்கையை ஆதரித்த நியூயார்க் மருத்துவர் ரசல் செசில், ஆஞ்செவின் என்பவருடன் சேர்ந்து மூட்டுவாத நோயாளிகள் 200 பேரின் விவரங்களை ஆராய்ந்து, பற்களை எடுத்ததால் பயன் விளையவில்லை என்று 1938-ல் தெரிவித்தார். தம் கருத்தைத் தாமே திருத்திக்கொண்ட அந்நேர்மை குறிப்பிடத்தக்கது. எனினும், பற்களை இழந்தவர்களுக்கு அவை திரும்பக் கிடைக்கவில்லை.

பல் துலக்காத மாணவர்கள்

பற்படலமே ஈறழற்சியை உண்டாக்குகிறது என்பதை மனிதரிடமே மெய்ப்பித்த ஆய்வு 1965-ல் வெளிவந்தது. நார்வே நாட்டவரான ஹரால்டு லோவும் அவருடைய குழுவினரும் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் அதை நடத்தினர். நல்ல ஈறு உடைய 12 பேர் பல் துலக்குவதை முற்றிலும் நிறுத்தினர். அவர்களுள் ஒன்பது பேர் பல் மருத்துவ முதலாண்டு மாணவர்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் பன்னிருவருக்கும் ஈறழற்சி வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறு சீரானது.

மிக எளிய சோதனை, விடையும் தெளிவானது. ஆனால் ஈறழற்சி வந்தவர் எல்லோருக்கும் எலும்பு கரைந்து பல் விழுகிறதா என்ற கேள்வி எஞ்சியது. சில வாரச் சோதனையால் அதற்கு விடை காண முடியாது; பல ஆண்டுகள் காத்திருந்து பார்க்க வேண்டும்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில்

அக்கேள்விக்கு விடை தந்தவர்கள் இலங்கை மலையகத் தமிழர்கள். லோ குழுவினர் 1969-ல் ஆஸ்லோ நகரில் 565 மாணவர்களையும் கல்வியாளர்களையும் ஆய்வுக்குச் சேர்த்தனர். சிறுவயது முதல் பல் மருத்துவ வசதி பெற்றவர்கள் அவர்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அத்தகைய வசதி எதுவும் கிடைத்திராத தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களான 480 ஆண்களை 1970-ல் இலங்கையில் சேர்த்தனர். இத்தொழிலாளர்களிடம் பல் துலக்கும் பழக்கம் இல்லை. எல்லோர் பல்லிலும் படலமும் காரையும் மிகுந்திருந்தன. ஏறத்தாழ எல்லோர் ஈறுகளும் அழன்றிருந்தன. சொத்தைப்பல் மட்டும் அநேகமாக இல்லை. ஆகவே அங்கே பல் விழுந்தால் அதற்குக் காரணம் ஈறு நோய் என்றே கொள்ளலாம்.

1985 வரை அவர்களைப் பலமுறை பரிசோதித்துப் பெற்ற முடிவுகள் 1986-ல் வெளியாயின. எல்லோர் வாயிலும் ஒரே மாதிரி அழுக்கு இருந்தும் விளைவு மூன்று விதமாக இருந்தது. சுமார் 8 விழுக்காட்டினருக்கு நோய் மிக வேகமாக வளர்ந்தது. அவர்கள் 35 வயதுக்குள் சராசரியாக 12 பற்களையும், 40 வயதுக்குள் 20 பற்களையும், 45 வயதுக்குள் எல்லாப் பற்களையும் இழந்தனர். 81 விழுக்காட்டினருக்கு நோய் மிதமாக வளர்ந்தது. எஞ்சிய 11 விழுக்காட்டினருக்கு ஈறழற்சி இருந்தும் நோய் அதைத் தாண்டவில்லை.

இன்று உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கும் பாடங்களுள் இம்மூன்று எண்களும் அடங்கும். அழுக்கு நோயைத் தொடங்கிவைக்கிறது. ஆனால் அழிவின் அளவை அழுக்கு மட்டும் தீர்மானிப்பதில்லை என்ற முடிவு அங்கிருந்துதான் உறுதிபெற்றது. தோட்டத்துக்குப் பல் மருத்துவர் வராத காரணத்தாலேயே இவ்வறிவு கிடைத்தது என்பதையும் மறக்கலாகாது. எண்களாக மட்டுமே நூல்களில் இடம்பெற்ற அத்தொழிலாளர்களில் 75 பேர் 2010-ல் மறுபடி பரிசோதிக்கப்பட்டனர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளைத் தழுவிய அந்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. காரையை அகற்றுவதும், ஈறழற்சியைக் கட்டுப்படுத்துவதும், 30 வயதுக்கு முன்பே புகைப்பதை விட்டு நோய்க்குச் சிகிச்சை பெறுவதும் பல்லைக் காக்கும் என்பது அதன் முடிவு.

எலும்பைக் கரைப்பது எது?

ஒரே அழுக்கு ஒருவரின் எலும்பைக் கரைத்து மற்றொருவரை விட்டுவிடுமானால், இடையில் வேறொன்று வேலை செய்யவேண்டும். அதற்கான தடயம் 1972-லேயே கிடைத்தது. ஹார்ட்டன், மெர்கென்ஹேகன் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் மனித இரத்த வெள்ளணுக்களை வளர்ப்புத் திரவத்தில் வைத்து, அவற்றோடு பற்படலத்திலிருந்து எடுத்த பொருளைச் சேர்த்தனர். பிறகு அத்திரவத்தை எலும்புத் துண்டுகள்மீது சோதித்தபோது எலும்பு கரைந்தது. எலும்பைக் கரைக்கத் தூண்டும் பொருளை வெள்ளணுக்களே சுரந்திருந்தன. கிருமியை எதிர்க்க வந்த உடலின் காவற்படைக்கே அழிவில் பங்கிருப்பது இதனால் தெரியவந்தது.

அப்பொருளின் முக்கியக் கூறு இன்டர்லூக்கின்-1 பீட்டா என்று 1985-ல் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் அடையாளம் கண்டனர். காய்ச்சலையும் வீக்கத்தையும் உண்டாக்கும் அதே புரதம், எலும்பைக் கரைக்கும் செல்களான ஆஸ்டியோகிளாஸ்டுகளையும் தூண்டுகிறது. அழற்சியுற்ற ஈறின் பள்ளத்தில் ஊறும் நீரில் இப்புரதம் மிகுந்திருப்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

ஒரு புதிர் எஞ்சியது. பிற புரதங்கள் பலவும் செல்லைவிட்டு வெளியேறும் வழக்கமான பாதையில் இன்டர்லூக்கின்-1 பீட்டா செல்வதில்லை. அது செல்லுக்குள் செயலற்ற முன்வடிவமாக உருவாகிறது. 1992-ல் கண்டறியப்பட்ட காஸ்பேஸ்-1 என்ற நொதி அதை வெட்டினால்தான் செயல்படும். அந்நொதியை முடுக்குவது எது, வெட்டப்பட்ட புரதம் எப்படி வெளியே வருகிறது என்பவற்றுக்கு விடை செல்களின் இறப்பை ஆராய்ந்தவர்களிடமிருந்து கிடைத்தது.

செல்கள் சாகும் விதங்கள்

காயம், வெப்பம், நஞ்சு முதலியவற்றால் செல் சிதைந்து சாவது நெக்ரோசிஸ் எனப்படும். இதற்கு மாறாக, செல் ஒழுங்காகச் சுருங்கிச் சிறு துண்டுகளாகி, அண்டைச் செல்களால் விழுங்கப்படும் இறப்பும் உண்டு என்று கெர், வைலி, கரி ஆகிய மூவர் 1972-ல் விளக்கினர். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு அதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டனர். இதில் அழற்சி எழுவதில்லை.

1992-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் சிக்லின்ஸ்கி, சன்சொனெட்டி முதலியோர், சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா கிருமி மேக்ரோஃபேஜ் என்னும் பெருவிழுங்கு செல்களைக் கொல்வதைக் கண்டனர். அதையும் அப்போப்டோசிஸ் என்றே முதலில் கருதினர். ஆனால் சியாட்டில் நகர ஆய்வாளர்கள் பிரென்னனும் குக்சனும் சால்மோனெல்லா கிருமியை ஆராய்ந்தபோது, செல்கள் சுருங்காமல் உப்பி வெடிப்பதையும், அதற்குக் காஸ்பேஸ்-1 தேவைப்படுவதையும் 2000-ல் காட்டினர். மறு ஆண்டில் குக்சனும் பிரென்னனும் இதற்குப் பைரோப்டோசிஸ் என்று பெயர் வைத்தனர். தீ, வீழ்ச்சி என்னும் பொருளுடைய இரண்டு கிரேக்கச் சொற்கள் சேர்ந்த பெயர் இது.

துளையிடும் புரதம்

2002-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் பகுதியில் மார்ட்டினான், பர்ன்ஸ், சோப் ஆகியோர் காஸ்பேஸ்-1-ஐ முடுக்கும் புரதக் கூட்டைக் கண்டறிந்து இன்ஃப்ளமசோம் என்று பெயரிட்டனர். இது செல்லுக்குள் பொருத்தப்பட்ட எச்சரிக்கை மணி போன்றது. இவற்றுள் பெரிதும் ஆராயப்பட்டது என்.எல்.ஆர்.பி.3 வகை. கிருமிகளோடு, சிதைந்த செல்லிலிருந்து சிந்தும் பொருள்களும் யூரிக் அமிலப் படிகங்களும்கூட இம்மணியை ஒலிக்கச் செய்யும்.

இறுதிக் கண்ணி 2015-ல் கிடைத்தது. சீனாவில் ஃபெங் ஷாவ் குழுவும் அமெரிக்காவில் விஷ்வா தீட்சித் குழுவும் தனித்தனியே கேஸ்டெர்மின்-டி என்ற புரதத்தைச் சுட்டிக்காட்டின. காஸ்பேஸ் இப்புரதத்தை இரண்டாக வெட்டுகிறது. வெட்டுண்ட துண்டுகள் செல்லின் மேலுறையில் வளையமாகச் சேர்ந்து துளையிடுகின்றன என்பது 2016-ல் உறுதியானது. இன்டர்லூக்கின்-1 பீட்டா அத்துளை வழியே வெளியேறுகிறது. நீர் உள்ளே புகுந்து செல் உப்புகிறது. மேலுறை முழுவதும் கிழிவதற்கு நின்ஜ்-1 என்ற மற்றொரு புரதமும் தேவை என்று 2021-ல் தெரியவந்தது.

இவ்விறப்பு வீணானது என்று எண்ணலாகாது. கிருமி ஒளிந்திருக்கும் செல் வெடித்தால், வெளிப்பட்ட கிருமியைப் பிற வெள்ளணுக்கள் விழுங்க முடியும். ஒரு வீட்டுக்காரர் கூக்குரலிட்டுத் தெருவைக் கூட்டுவதற்கு ஒப்பானது இது. கிருமி ஒழிந்ததும் குரல் ஓய்ந்துவிட்டால் நன்மையே. ஈறிலோ, பற்படலம் நாள்தோறும் புதிதாகப் படிகிறது, குரல் ஓய்வதில்லை. செல்கள் அடுத்தடுத்து வெடிக்க, இன்டர்லூக்கின் தொடர்ந்து கசிய, எலும்பு கரைந்துகொண்டே போகிறது.

வாய் நோய்களில் கண்டவை

நோயுற்ற ஈறுத் திசுவில் என்.எல்.ஆர்.பி.3 மிகுந்திருப்பதைப் போஸ்டான்சியும் குழுவினரும் 2009-ல் வெளியிட்டனர். பின்னர் காஸ்பேஸ்-1, கேஸ்டெர்மின்-டி ஆகியவை பற்றியும் இத்தகைய செய்திகள் வந்தன. பல்சூழ் நோய்க் கிருமிகள் பலவற்றின் மேலுறையில் கொழுப்புச் சர்க்கரைப் பொருள் ஒன்று உண்டு. இவ்வகைப் பொருள் செல்லுக்குள் புகுந்தால் காஸ்பேஸ்-4, காஸ்பேஸ்-5 ஆகியவை அதை நேரடியாக உணரும் என்று 2014-ல் கண்டறியப்பட்டதால், இரண்டாவது பாதையும் புலனாயிற்று.

கிருமிகளும் சும்மா இருப்பதில்லை. பல்சூழ் நோயில் முதன்மையானதாகக் கருதப்படும் போர்ஃபிரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ், சில சூழல்களில் இன்ஃப்ளமசோமைத் தூண்டுகிறது. பிற கிருமிகளோடு சேர்ந்திருக்கும்போது அதை அடக்கவும் செய்கிறது என்று 2012-ல் வெளியான ஆய்வு காட்டியது. எச்சரிக்கை மணியை அடக்கித் தானும் தன் கூட்டமும் நிலைத்திருக்க வழிசெய்துகொள்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

பல்லின் நடுவே நரம்பும் இரத்தக்குழாயும் உள்ள பற்கூழிலும் இவ்விறப்பு ஆராயப்படுகிறது. சொத்தை ஆழமாகிக் கிருமி அருகில் வந்தால் கூழ் அழல்கிறது. சுற்றிலும் கடினச் சுவர் இருப்பதால் வீக்கத்துக்கு இடமில்லை. அதனால்தான் அந்த வலி பொறுக்க முடியாததாகிறது. அழன்ற கூழிலும் வேர்நுனிப் புண்ணிலும் இன்ஃப்ளமசோம் புரதங்கள் காணப்பட்டுள்ளன. வாயில் வெண்படலமாகப் படரும் கேண்டிடா பூஞ்சை, தன்னை விழுங்கிய பெருவிழுங்கு செல்லில் இவ்விறப்பைத் தூண்டித் தப்புகிறது என்று 2014-ல் தெரியவந்தது. காவலுக்காக ஏற்பட்ட முறையைப் பகைவன் தனக்குச் சாதகமாக்கிக் கொள்வதற்கு இது எடுத்துக்காட்டு. வாய்ப் புற்றுநோயில் இவ்விறப்பின் பங்கு இருமுகமானது: புற்றுச் செல் வெடித்து இறந்தால் நன்மை, நீண்டகால அழற்சி புற்றை வளர்த்தால் தீமை.

மருந்தைத் தேடி

துளையை அடைத்தால் எலும்பைக் காக்கலாமா? என்.எல்.ஆர்.பி.3-ஐத் தடுக்கும் எம்.சி.சி.950 என்ற சேர்மம் 2015-ல் அறிமுகமானது. சுண்டெலிகளில் ஈறு எலும்புத் தேய்வை அது குறைத்தது. குடிப்பழக்கத்தை நிறுத்த நெடுங்காலமாகக் கொடுக்கப்படும் டைசல்ஃபிரம் மாத்திரை, கேஸ்டெர்மின்-டி துளை உருவாவதைத் தடுப்பதாக 2020-ல் அறியப்பட்டது. ஆயினும் இவை ஈறு நோய்க்கான மருந்துகளாக நடைமுறைக்கு வரவில்லை. எச்சரிக்கை மணியை முழுவதும் நிறுத்தினால் உடல் வேறு கிருமிகளுக்கு இரையாகலாம் என்பது ஒரு தயக்கம். நோயுற்ற திசுவில் ஒரு புரதம் மிகுந்திருப்பதாலேயே அதுதான் நோயை உண்டாக்கியது என்று ஆகிவிடாது என்பது மற்றொன்று.

இவ்வெச்சரிக்கைக்கு முன்னுதாரணமும் உண்டு. இன்டர்லூக்கின்-1 மரபணுவின் சில வடிவங்கள் உடையோருக்குக் கடும் பல்சூழ் நோய் வருவதாக 1997-ல் ஓர் ஆய்வு கூறியது. அதையொட்டி மரபணுச் சோதனையும் விற்பனைக்கு வந்தது. ஆனால் வேறு மக்கள் கூட்டங்களில் அத்தொடர்பு ஒரே சீராக உறுதிப்படவில்லை. பல் பிடுங்கிய காலத்தின் பாடம், அறிவியலின் ஒவ்வொரு கட்டத்திலும் நினைவுகொள்ள வேண்டியதாகவே உள்ளது.

முடிவுரை

ரிக்ஸ் அழுக்கைக் கண்டார். மில்லர் கிருமியைக் கண்டார். 1972-க்குப் பின் வந்தோர் உடலின் சொந்தத் தீயைக் கண்டனர். ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை. அழுக்கில் கிருமி வாழ்கிறது. கிருமி தீயை மூட்டுகிறது. தீ எலும்பைக் கரைக்கிறது. ஒரே அளவு அழுக்கிலும் ஒருவருக்குத் தீ பரவி இன்னொருவருக்கு அடங்கிவிடும் காரணத்தைச் செல் இறப்பு ஆய்வு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. நீரிழிவும் புகைப்பழக்கமும் தீயை வளர்ப்பவை என்பது ஐயமின்றித் தெரிந்துள்ளது. ஈறு நோயை நீரிழிவின் ஆறாவது சிக்கல் என்றே லோ 1993-ல் குறிப்பிட்டார்.

தான் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர், எட்டு விழுக்காட்டிலா பதினொரு விழுக்காட்டிலா என்பதை முன்கூட்டி உறுதியாக அறிய ஒருவருக்கும் வழியில்லை. ஆனால் தீயை மூட்டும் படலத்தைத் தினமும் நீக்குவது எல்லோருக்கும் இயலும். பல் துலக்கும்போது இரத்தம் கசிந்தால் அது ஈறின் எச்சரிக்கை. அந்நிலையிலேயே பல் மருத்துவரிடம் சென்று காரையை நீக்கிக்கொண்டால் ஈறு சீராகும்; எலும்பும் தப்பும். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு அன்று கிடைக்காத அந்த வாய்ப்பு, அவர்கள் வழியாகக் கிடைத்த அறிவோடு இன்று பலருக்கும் எட்டும் தொலைவில் உள்ளது.